பிறர் கையில் என் மூச்சு

எங்கள் ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. செல்லம்மா டீச்சரைப் பாம்பு கடித்தது, புருஷன் கையாலேயே சாகக் கிடந்தாள், பகையாளியான கொழுந்தன் வந்து காப்பாற்றினான் என்று அந்தக் கதை போகும். டீக்கடையில் சொல்கிறார்கள், குளத்துப் படித்துறையில் சொல்கிறார்கள், அன்னவாசல் போகிற பஸ்ஸில்கூட என் காதுபடச் சொன்னார்கள். கேட்கிறபோதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. முழுப் பொய்யாக இருந்தால்கூடச் சகித்துக்கொள்வேன். நடந்ததை வாயில் போட்டுக் குதப்பி, அவரவர் ருசிக்குத் தக்கபடி துப்பியிருக்கிறார்கள். அதனால் நானே எழுதிவைக்கிறேன். அங்கே நடந்ததையெல்லாம் அசையாமல் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். செத்துவிட்டேன் என்று நினைத்து அவர்கள் பேசியதும் என் காதில் விழுந்தது.

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள். சுத்தம் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அடுத்தவர் வாய் வைத்த தம்ளரில் குடிக்க மாட்டேன். ஒழுகும் மூக்கோடு வகுப்புக்குள் வரும் பிள்ளையைக் கழுவிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். என் வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார். அவருடைய தம்பி கருப்பையா. எங்களுக்கும் அவருக்கும் பொதுக் கிணறு ஒன்றில் தண்ணீர் முறைத் தகராறு. ஒருநாள் தெருவில் வைத்து என்னை ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. அதிலிருந்து பல வருஷமாகப் பேச்சு இல்லை. எப்போது பார்த்தாலும் வாயில் புகையிலை அடக்கியிருப்பார். எங்கள் வேலி ஓரத்தில் துப்பிவிட்டுத்தான் போவார்.

அது ஐப்பசி அடைமழைக் காலம். தரையில் பாய் விரித்துத்தான் படுப்போம். ஒருநாள் விடியும்போது வயிற்றைப் பிசைந்து வலித்தது. முதல் நாள் வைத்த கருவாட்டுக் குழம்பு சேரவில்லை என்று நினைத்தேன். எழுந்து வாசல் தெளிக்கப் போனேன். வாளி ரெண்டாகத் தெரிந்தது. உள்ளே வந்து, "கண்ணு என்னமோ பண்ணுதுங்க, தூக்கித் தூக்கி விட்டாலும் இமை நிக்க மாட்டேங்குது" என்றேன். என் நாக்கு குழறியதை நானே கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் பாயை உதறியபோது சுவர் ஓரத்துச் சாக்கின் அடியிலிருந்து அது வெளியே வந்தது. கறுப்பு உடம்பு, மேலே வெள்ளை வளையம் வளையமாக. கட்டுவிரியன். அது கடித்தால் வலியே தெரியாதாம். பல் பட்ட இடத்தை என் உடம்பில் கடைசிவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். அதற்குள் யாரோ விஷக்கடி வைத்தியரைக் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் ஒரு பச்சிலையைத் தன் வாயில் போட்டு மென்றார். மென்றதை எடுத்து என் வாய்க்குள் திணித்தார். என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த எச்சிலும் பச்சிலையும் என் தொண்டைக்குழியில் உட்கார்ந்திருந்ததை இன்றைக்கு நினைத்தாலும் வாய் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

அன்னவாசல் கடைவீதியில் ஒரு வியாபாரி தன் பிளஷர் காரைக் கொடுத்தார். புதுக்கோட்டை போகிற வழி முழுக்க என் எச்சில் என் கழுத்தில் வழிந்தது. என் அக்கா ராசாத்தி தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே நல்லவர்களும் இருந்தார்கள், ஈயும் இருந்தது.

விஷமுறிவு ஊசி போட்டார்கள். அதற்குள் என் கண் முழுவதும் மூடிவிட்டது, கை கால் விழுந்துவிட்டது. மூச்சு மேலாக, மேலாக ஏறி, தொண்டையோடு நின்றுகொண்டிருந்தது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா ஒருவர் அங்கே இருந்தார். இளவயதுக் குரல். அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது இது:

"ரத்தத்துல இருக்கிற விஷத்தை ஊசி பிடிச்சிரும். ஏற்கெனவே நரம்பு முனையில போய் ஒட்டிக்கிட்டதைப் பிடிக்காது. அது தானா விடுற வரைக்கும் இவங்க நெஞ்சு வேலை செய்யாது. அதுவரைக்கும் நாமதான் மூச்சு விட வைக்கணும்."

"எப்படிங்க?"

"மெட்ராஸ்ல அதுக்கு மெஷின் இருக்கு. அவ்வளவு தூரம் தாங்க மாட்டாங்க. இங்க ரப்பர் பைதான். கையால அமுக்கணும். நிறுத்தாம, ராத்திரி பகலா. எங்க ஆளுங்க போதாது. நீங்களும் முறை வச்சு அமுக்கணும்."

பிறகு என் தொண்டையில் மரப்பு ஊசி போட்டு, துளை போட்டு, ஒரு வளைந்த குழாயைச் சொருகினார்கள். குழாயின் மறுமுனையில் ரப்பர் பை. பையை அமுக்கினால் காற்று என் நெஞ்சுக்குள் போகும். விட்டால் வெளியே வரும். ஆஸ்பத்திரி முழுக்க வேறு எத்தனையோ நாற்றம் இருந்தது, ஆனால் அந்தப் பழைய ரப்பர் நாற்றம் என் உள்ளுக்குள்ளேயே ஊதப்பட்டது. அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது.

எனக்கு நினைவு தப்பவே இல்லை. இது யாருக்கும் புரியவில்லை. கண் திறக்காது, விரல் அசையாது, கண்மணி விரிந்து நின்றுவிட்டது. பார்ப்பதற்குப் பிணம். உள்ளே நான் முழுசாக இருந்தேன். ஈ உதட்டில் நடந்தால் தெரிந்தது. தொண்டைக் குழாயில் சளி சேர்ந்து கரகரவென்று சத்தம் வரும். நர்ஸ் மெல்லிய ரப்பர் குழாயை உள்ளே விட்டு அதை உறிஞ்சி எடுப்பார். உயிரை உள்ளேயிருந்து கொக்கி போட்டு இழுப்பதுபோல இருக்கும். இருமத் தோன்றும், இருமல் வராது. உறிஞ்சியது பாட்டிலில் விழும் சத்தம் கேட்கும். என் அசிங்கத்தின் சத்தம் அது. மலம், மூத்திரம், எல்லாம் படுத்த இடத்தில். மாதவிலக்கும் அப்போதுதான் வந்து தொலைத்தது. அக்காதான் கழுவினாள். கழுவும்போது, "கண்ணைத் தொறந்து பாத்தியா ஒன் சீரை, ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லுவ" என்று திட்டுவாள். திட்டினாலும் எனக்கு அழுகை வரவில்லை. அவள் ஒருத்திதான் என்னிடம் பேசினாள். மற்றவர்கள் என்னைப் பற்றிப் பேசினார்கள்.

பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பொட்டலம் பிரித்துப் பக்கோடா தின்றார்கள். ஒரு கை என் இமையை விரித்துப் பார்த்தது. அந்த விரலில் எண்ணெயும் வெங்காயமும் மணத்தது. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி, என்னைக் கடைசியாகக் கிளப்பும்போது எந்தப் புடவை கட்டுவது என்று பேச்செடுத்தாள்.

"அந்த மாம்பழக் கலர் பட்டு இருக்குல்ல, அதைக் கட்டிறாதீக. நல்ல பட்டு. பொட்டியில கெடக்கட்டும்."

டாக்டரம்மா அங்கே வந்தவர், "அவங்களுக்குக் காது கேக்கும்" என்றார்.

பொட்டலத்தை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அக்கா குரலைத் தாழ்த்தி, "கேட்டா என்ன, எந்திரிச்சு வந்தா சொல்லப்போறா?" என்றாள். எழுந்து வந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி ஊர்க்கதையில் வருகிற அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் பை அமுக்க உட்கார்ந்தால் எனக்கு உடனே தெரியும். மற்றவர்கள் அமுக்குவதைவிட அவர் அமுக்குவது பலமாக இருக்கும். விடுகிற நேரம் குறைவாக இருக்கும். அமுக்கியதை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்ததை அமுக்கிவிடுவார். விட்டால் நான் போய்விடுவேன் என்ற பயம் அவருக்கு. அவருடைய மூச்சு என் காதருகே வேகமாக இரைக்கும்.

அன்றைக்கு அந்தப் புடவைக்கார அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "மூஞ்சி வெளுத்துப் போச்சேடா, நல்லாப் பலமா அமுக்கு" என்றாள். அவர் இன்னும் பலமாக அமுக்கினார். என் நெஞ்சு உப்பி, இறங்காமல் அதன்மேலேயே மறுபடி உப்பியது. கழுத்து நரம்பு புடைத்துத் தலை கனத்தது. நெஞ்சுக்குள் இதயம் சின்னதாக, வேகமாக அடித்துக்கொண்டது. அடிக்கிறது, ஆனால் அந்த அடியில் சாரமே இல்லை. கை காலெல்லாம் குளிர்ந்துகொண்டு வந்தது. பக்கத்தில் பேசியவர்களின் குரல் ஒவ்வொன்றாகத் தூரம் போனது, கிணற்றுக்கு வெளியே யாரோ பேசுவதுபோல. சாவு இப்படித்தான் வரும்போலிருக்கிறது என்று நினைத்தேன். காற்று வேண்டிய மட்டும் இருந்தது. காற்றுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தேன்.

"பிரஷர் எறங்குது. நாடி கெடைக்கல" என்று நர்ஸ் கத்தியது கேட்டது.

"இன்னும் பலமா அமுக்குடா!" இது அந்த அக்கா.

செருப்புச் சத்தம் ஓடிவந்தது. டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கையிலிருந்து பையைப் பிடுங்கி, என் தொண்டைக் குழாயிலிருந்து அதைக் கழற்றிவிட்டார். கூடியிருந்தவர்கள் ஐயோ என்றார்கள். மூச்சையே பிடுங்கிவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். உஸ்ஸென்று என் நெஞ்சிலிருந்து காற்று வெளியேறியது, வெளியேறிக்கொண்டே இருந்தது. சேர்ந்து கிடந்த காற்று அவ்வளவு. அது இறங்க இறங்க, இதயம் ஒரு அடி கனமாக அடித்தது. அடுத்த அடி அதைவிடக் கனம். குரல்கள் திரும்பிக் கிட்டே வந்தன.

டாக்டரம்மா பையை மறுபடி மாட்டி, தானே மெல்ல அமுக்கினார். நரம்பில் உப்புத்தண்ணீர் பாட்டிலை வேகமாக விடச் சொன்னார். பிறகு எல்லோரிடமும் சொன்னார்:

"நுரையீரலும் இதயமும் ஒரே நெஞ்சுக்கூட்டுக்குள்ள இருக்கு. நாமளா மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரியும். காத்து உள்ள வரும். அந்த இழுப்புலயே கை கால் வயித்துல இருக்கிற ரத்தமும் இதயத்துக்குத் திரும்பி வரும். இந்தப் பையில நடக்குறது தலைகீழ். நாம காத்தை வெளியிலேருந்து திணிக்கிறோம். உள்ள இறுக்கம் ஏறுது. திரும்பி வர்ற ரத்தக்குழாய் நசுங்குது. ரத்தம் உள்ள வராட்டி இதயம் எதை வெளிய தள்ளும்? வெறுமனே அடிச்சுக்கிட்டுக் கெடக்கும். அதனாலதான் மூச்சு இருந்தும் நாடி போச்சு."

"நான்… நான் நல்லதுக்குத்தாங்க…" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியும். அமுக்குங்கன்னு மட்டும் சொன்னேன். விடுறதைப் பத்தி நான் சொல்லல. அது என் தப்பு, ஒங்க தப்பு இல்ல. கொஞ்சமா அமுக்கணும், முழுசா விடணும். அமுக்குன நேரத்தைப்போல ரெண்டு மடங்கு விட்டிருக்கணும். அந்த விடுற நேரத்துலதான் ரத்தம் வரும்." பிறகு மெதுவாக, "நீங்க கொஞ்சம் ஓய்வு எடுங்க. போயி வெளிய உக்காருங்க" என்றார்.

அவர் போனார். கதவுக்கு வெளியே அவர் அழுத சத்தம் எனக்குக் கேட்டது. நாங்கள் கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. "இங்க இருக்கேன்" என்று சொல்ல ஒரு விரல் எனக்கு இல்லை.

டாக்டரம்மாவை ஆபரேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனார். நர்ஸ் ஒருவர்தான், அவர் வார்டு முழுக்கப் பார்க்க வேண்டும். அக்கா துணி அலசப் போயிருந்தாள். வாசலில் யாரோ வந்து நின்ற செருப்புச் சத்தம் கேட்டது.

"நீங்க யாரு இவங்களுக்கு?" என்றார் நர்ஸ்.

"கொழுந்தன்."

"வாங்க இங்கிட்டு. பையைப் பிடிங்க. கொஞ்சமா அமுக்கி, முழுசா விடுங்க."

கருப்பையா. ஊரில் நாலு பேர் கேட்பார்களே என்று தலைகாட்ட வந்தவர். வந்தவர் கையில் பையைக் கொடுத்துவிட்டார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோதே புகையிலை நெடி என்மேல் கவிந்தது. உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எனக்குக் கூசியது. என்னை நடுத்தெருவில் அசிங்கமாகப் பேசிய வாய் என் முகத்துக்கு நேரே. அந்தக் கை அமுக்கினால்தான் எனக்கு மூச்சு. கட்டிலோடு எரித்துவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஆனால் அவர் சரியாக அமுக்கினார். உண்மையை எழுத உட்கார்ந்தபின் இதை மறைப்பதற்கில்லை. கொஞ்சம் அமுக்குவார். விடுவார். அவர் பேச்சு ஜன்னல் பக்கமாகத் திரும்பும். பிறகு ஞாபகம் வந்ததுபோல அடுத்தது. நர்ஸிடம் தன் மாட்டுக்குக் குளம்பில் காணை நோய் கண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வருவார். நர்ஸ் திட்டுவார். என் கை கால் சூடேறியது. நெஞ்சில் இதயம் நிதானமாக அடித்தது. டாக்டரம்மா திரும்பி வந்து நாடி பார்த்து, "இப்படித்தான். இந்தக் கை மாறாம பாத்துக்குங்க" என்றார்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அக்கா அமுக்கினாள், பக்கத்துக் கட்டில்காரரின் மகள் அமுக்கினாள், ஆஸ்பத்திரி ஆட்கள் அமுக்கினார்கள். எல்லோருமே சரியாகத்தான் அமுக்கினார்கள். கருப்பையா இன்னும் ரெண்டு மூன்று முறை உட்கார்ந்தார், பிறகு களையெடுப்பு என்று போய்விட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் பையைத் தொடவே இல்லை. டாக்டரம்மா கூப்பிட்டுப் பார்த்தார். "வேணாங்க" என்று சொல்லிவிட்டு, என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அங்கே கெடுதல் ஒன்றும் வராது என்று நினைத்திருப்பார்.

அந்தப் பாதத்தில்தான் முதலில் அசைவு வந்தது. பெருவிரலை அசைத்தேன். அவர் கையை எடுத்துவிட்டார். பிறகு, "செல்லம், இன்னொரு தரம்" என்றார். இன்னொரு தரம் அசைத்தேன்.

அடுத்து நெற்றி, இமை, கழுத்து. கண் திறந்ததும் நான் முதலில் பார்த்தது அந்தச் சளி பாட்டிலை. மஞ்சளும் பச்சையுமாக, நுரை கட்டி. இதுவா நான் என்று பார்த்தேன். டாக்டரம்மா அமுக்குவதை அவ்வப்போது நிறுத்தி, நானே மூச்சு இழுக்கிறேனா என்று காத்திருந்து பார்ப்பார். முதலில் நாலு மூச்சு, அப்புறம் நெஞ்சு சோர்ந்துவிடும். நாளாக ஆக அது கூடியது. பிறகு குழாயை எடுத்தார்கள், துளை மூடிக்கொண்டது. குரல் மட்டும் கரகரப்பாக நின்றுவிட்டது. பிள்ளைகள் இப்போது அதற்குப் பயப்படுகிறார்கள், அது ஒரு வகையில் நல்லதுதான்.

வீட்டுக்கு வந்தால் ஊர்க்கதை எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அந்தப் புடவைக்கார அக்காதான் விதை போட்டவள். "புருஷனே கொன்னிருப்பான், பகையாளி காப்பாத்துனான்" என்று அவள் சொன்னதை ஊர் இனிப்புப்போலச் சப்பியது. கருப்பையாவுக்கு டீக்கடையில் ஓசி டீ. என் வீட்டுக்காரர் கடைவீதிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை, முகத்துக்கு நேரே. பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு வந்த அருவருப்பு, சளி பாட்டிலைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒருநாள் டீக்கடை வாசலில் கருப்பையா அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசினேன்.

"கருப்பையா, நீங்க நல்லா அமுக்குனீங்க. அது நெசம். நான் மறுக்கல. ஆனா அன்னைக்கு என்னை நெனச்சா அமுக்குனீங்க?"

அவர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இல்ல மதினி. மாட்டுக்குக் காணை. அதே நெனப்பாத்தான் இருந்தேன். நீங்க போயிருவீங்கன்னுதான் நெனச்சேன்."

"ஒங்க அண்ணன் அப்படி நெனைக்கல. அதான் அவர் கை இறுகிப்போச்சு. இனி கதை சொல்றப்ப இதையும் சேத்துச் சொல்லுங்க."

கருப்பையா எழுந்து போய் ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார். அவர்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. வரவில்லை. அவர் துப்புகிற இடத்தில் இன்றைக்கும் கால் வைக்க மாட்டேன். கதையை அவர் நிறுத்திக்கொண்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். சாப்பிடும்போது எனக்குப் புரையேறியது. துளை ஆறிய தொண்டை, இருமினால் நிற்காது. கண்ணில் நீர் முட்ட இருமினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் பதறிக் கையை ஓங்கினார், என் முதுகில் தட்டுவதற்கு. கை பாதியில் நின்றுவிட்டது. அந்தரத்தில் அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்து என் முதுகில் வைத்தேன். இருமல் கொஞ்சம் தணியும்வரை அழுத்திப் பிடித்திருந்தேன்.

"தட்டுங்க" என்றேன்.

முதலில் மெல்லத் தட்டினார். பிறகு நன்றாகவே தட்டினார்.